உங்கள் பெயரில் ஓர் ஆட்சேபனை

என் உயிருக்குயிரான ஹமீது நானா,

நீங்கள் மௌத்தாகி ஒரு நோன்புப் பெருநாளும் கழிந்துவிட்டது. பெருநாளன்று உங்கள் வீட்டு வட்டிலப்பம் வழக்கம்போல கற்பிட்டியிலிருந்து சிலாபத்துக்கு வந்து சேர்ந்தது. பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "கிடைச்சிட்டு நானா" என்று போனில் யாருக்குக் கோல் எடுத்துச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். பிறகு தனியாகவே இருந்து சாப்பிட்டேன்.

வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் வேறு எதையும் கேட்க மாட்டீர்கள். மகளுக்கு இத்தாலியில் குழந்தை பிறந்தது. பேரனைப் பார்க்க என் மனுசியையும் அங்கே எடுத்துக்கொண்டாள். "மூணு மாசத்தில வந்துருவன்" என்று போனவள் இப்போது குளிருக்குச் சப்பாத்து வாங்கிவிட்டாள். பின்னேரங்களில் போனில் பேரனைக் காட்டுவாள். "கதைங்க, கதைங்க, பிள்ள உங்களத்தான் பாக்குது" என்பாள். என்ன கதைப்பது நானா? முப்பது வருடமாக மற்றவர்கள் சொன்னதைச் சொல்லிச் சம்பளம் எடுத்தவனிடம் சொந்தமாக ஏதாவது கதை என்றால் அவன் எங்கே போவான்? பாண் சாப்பிட்டேன், பருப்புக் கறி சாப்பிட்டேன் என்கிறேன். பேரன் தூங்கிப்போகிறான்.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். ஆகவே உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், சபையில் முதலமைச்சர் பேசும்போது கேட்ட மாதிரி.

ஹமீது நானா எங்கள் வடமேல் மாகாண சபையில், புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிப் பக்கத்து உறுப்பினராக இருந்தவர். சபை குருநாகலில். அங்கே பேச்செல்லாம் பெரும்பாலும் சிங்களத்தில். நானா மட்டும் தமிழில் பேசுவார். கண்ணாடிக் கூண்டுக்குள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல அதைச் சிங்களத்தில் சொன்னவன் நான். நானாவுக்குச் சிங்களம் தெரியாதென்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மீன் ஏலத்தில் அவர் சிங்களத்தில் ஏசினால் லொறிக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். "பிறகு ஏன் நானா என் உயிரை வாங்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "தம்பி, தமிழ்ல கதைக்கிற உரிம சட்டத்துல எழுதிக் கிடக்கு. பாவிக்காம வெச்சா துருப்பிடிச்சிரும்" என்றீர்கள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. "உறுப்பினர் இவ்வாறு சொல்கிறார்" என்று உரைபெயர்ப்பாளன் சொல்ல மாட்டான். உறுப்பினராகவே நின்று பேசுவான். நீங்கள் கோபப்பட்டால் நானும் கோபப்பட வேண்டும். நீங்கள் "என் தகப்பன் உப்பளத்தில் வேலை செய்தவர்" என்றால் நானும் அப்படித்தான் சொல்ல வேண்டும். என் அப்பா சிலாபத்தில் தையற்காரர். ஆனால் சபைப் பதிவுகளில் என் குரலில் எத்தனை தரம் உப்பளத்துக்குப் போயிருக்கிறார் என்று பாருங்கள். வாயை வாடகைக்கு விட்டுப் பிழைத்தேன். அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டீர்கள். "நான் தந்தத மட்டும் அங்கால குடு. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். நீ நல்லவன்தான், ஆனா நல்லவன்ட கையில இருக்கிற அதிகாரத்துக்கும் ஒரு எல்ல இருக்கணும்."

எல்லை, எல்லை என்று எந்நேரமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மூத்த மகளின் கலியாணத்தில் நான் செய்த பிழை நினைவிருக்கிறதா? நான் வேதக்காரன், கிறிஸ்தவன். சஹன் சாப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர அதில் உட்கார்ந்ததில்லை. பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர், நடுவில் ஒரு முழுக் கோழி. எனக்கு எதிரே இருந்தவரின் பக்கத்தில் கஜு, முந்திரிப் பருப்பு, நிறையக் கிடந்தது. நான் பாட்டுக்குக் கையை நீட்டி அள்ளினேன். மற்ற ஐந்து கையும் அப்படியே நின்றுவிட்டன. எனக்கு எங்காவது ஓடி ஒளிய வேண்டும் போலிருந்தது.

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "இவன ஏசாதீங்க. கொழும்பு செய்யிறதத்தான் இவனும் செய்யிறான்" என்றீர்கள். அந்தச் சோற்றைக் காட்டியே எல்லாருக்கும் அரசியலமைப்பை விளக்கினீர்கள், மாப்பிள்ளை வீட்டாரும் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே தட்டு. தட்ட உடைக்கச் சொல்லி ஆரும் கேக்கல்ல. ஆனா ஒவ்வொருத்தனுக்கும் முன்னுக்கு ஒரு பக்கம் இருக்கு. பட்டாளம், வெளிநாட்டு விசயம், காசு அடிக்கிறது, அதெல்லாம் கொழும்புட பக்கம். நான் அங்கால கை வெக்க மாட்டன். சின்ன ஆஸ்பத்திரி, ஊர் ரோட்டு, கூட்டுறவுக் கட, இதெல்லாம் எங்கட பக்கம். நடுவுல கிடக்கிற கோழி ரெண்டு பேருக்கும் பொது. அதுலதான் சண்ட. கை நீளமானவன் இழுத்துட்டுப் போறான்."

"அப்ப உங்கட பக்கத்துல இருந்து அவங்களுக்கு எடுக்கவே ஏலாதா?" என்று சம்பந்தியார் கேட்டார்.

"ஏலும். கேட்டுட்டு எடுக்கணும். எல்லா மாகாண சபையிட்டயும் கேக்கணும். ஒரு சபை சரி ஏலாதுன்னு சொல்லிட்டா, பார்லிமெண்டுல மூண்டுல ரெண்டு பங்கு கை தூக்கணும். சும்மா வந்து அள்ளிட்டுப் போகத்தான் ஏலா."

மாகாண சபைகளைக் கொண்டுவந்த பதின்மூன்றாவது திருத்தத்தை நான் மூன்று மொழியிலும் வாசித்திருக்கிறேன். மாகாண நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல் என்று தூக்கத்திலும் சொல்வேன். எனக்கு அது உண்மையில் விளங்கியது அன்றைக்குத்தான்.

உங்களைக் கேலி செய்தவர்கள் கொஞ்சமா? "மாகாண சபை வடக்கு கிழக்குக்காரர் கேட்டு வாங்கினது, புத்தளத்தானுக்கு அதில் என்ன?" என்பார்கள். சிங்களவர் அதிகமான மாகாணத்தில் கொஞ்சப் பேராக இருந்துகொண்டு மாகாணத்துக்கு அதிகாரம் கேட்கிற ஒரே பைத்தியம் என்று உங்கள் கட்சிக்காரர்களே சொன்னார்கள். ஒருமுறை அவர்கள், மாகாணத்துக்குக் கீழே உள்ள ஒரு பிரதேச சபையின் சந்தைக் காணியை மாகாணத்துக்கு எடுக்கப் பார்த்தார்கள். எழும்பி நின்று எதிர்த்தீர்கள். "கொழும்பு எங்களுக்குச் செய்தால் அநியாயம், நாங்கள் பிரதேச சபைக்குச் செய்தால் அபிவிருத்தியா?" என்று என் குரல் அந்த மண்டபமெல்லாம் கேட்டது. அடுத்த அமர்வில் உங்களைப் பின்வரிசைக் கதிரைக்குத் தள்ளிவிட்டார்கள். வான் வண்டியில் திரும்பி வரும்போது, "இங்க மின்விசிறி நல்லாப் படுது தம்பி" என்று மட்டும் சொன்னீர்கள்.

பிறகு சபையின் காலம் முடிந்தது. தேர்தல் வரும், வரும் என்றார்கள். வருடங்கள் போய்விட்டன, வரவில்லை. ஆளுநர் இருக்கிறார், செயலாளர்கள் இருக்கிறார்கள், கட்டடம் இருக்கிறது, உறுப்பினர்கள்தான் இல்லை. பேச ஆளில்லாத இடத்தில் உரைபெயர்ப்பாளன் எதற்கு? என்னை வேறொரு அலுவலகத்தில் போட்டார்கள். மாட்டுக்கு ஊசி போடும் அறிவித்தல்களைத் தமிழாக்குகிறேன். மாடுகள் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு வேலையாகச் சபைக் கட்டடத்துக்குப் போனேன். காவலாளி என்னை அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிட்டான். கதிரைகளையெல்லாம் பொலித்தீனால் மூடியிருந்தார்கள். கூண்டுக்குள் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன், எதற்கென்று கேட்காதீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அங்கே இருந்து அழுதேன். உங்கள் ஜனாஸாவில் வராத அழுகை அது. அன்றைக்கு உங்கள் ஆட்கள் எல்லோரும் தொழுகையில் நிற்க, நான் மதில் ஓரமாகத் தனியாக நின்றேன். அழலாமா கூடாதா என்றுகூட யாரிடமும் கேட்கத் தெரியவில்லை.

இனிமேல்தான் விசயம். கொஞ்சம் நிமிர்ந்து இருங்கள்.

கிராமத்து ஆஸ்பத்திரிகளையும் மருந்தகங்களையும் மாகாணத்திடமிருந்து எடுத்துக் கொழும்பின் நேரடி நிர்வாகத்தில் வைக்க ஒரு யோசனை வந்திருக்கிறது. முழுக்கக் கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். மருந்து தட்டுப்பாடு குறையும் என்கிறார்கள், பெரிய டொக்டர்மார் வருவார்கள் என்கிறார்கள். ஆனால் ஆட்கள் குறைந்த இடங்களை மூடி, பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ப்பதும் அதில் இருக்கிறது. அதில் உங்கள் கிளினிக் வள்ளமும் அடிபட்டுப் போகும். களப்புக்கு நடுவே உச்சமுனைத் தீவுக்கு ஒவ்வொரு புதன்கிழமையும் நர்ஸ் மிஸ்ஸியையும் மருந்துப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போகிறதே, அதேதான். அதற்காகச் சபையில் நீங்கள் எத்தனை தரம் தொண்டை கிழியக் கத்தினீர்கள் என்பது என் தொண்டைக்குத் தெரியும்.

ஜனங்களின் கருத்தைக் கேட்க ஒரு குழு கற்பிட்டிக்கு வந்தது. சிங்களம் பேசுகிற மூன்று பேர், நல்ல மனிதர்கள். உரைபெயர்ப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நீண்ட நாளைக்குப் பிறகு கண்ட மைக்கைத் துடைத்து வைத்துக்கொண்டேன். மண்டபம் நிறைய ஆட்கள். எல்லோரும் உங்கள் ஊர்க்காரர்கள்.

உச்சமுனையிலிருந்து மெற்றில்டா வந்திருந்தாள். கருவாடு விற்கிற மெற்றில்டா, உங்களுக்குத் தெரியும். கூச்சமில்லாமல் எழும்பி நின்றாள்.

"ஐயாமாரே, என்ட மகளுக்கு ஏழு மாசம். பிரஷர் இரிக்கி. புதன்கிழம மிஸ்ஸி வந்து பாத்துட்டுப் போறா. எங்கட மாமிக்குச் சீனி வருத்தம், மருந்துக் குளிசையும் அந்த வள்ளத்துலதான் வருது. பெரிய காத்து நாளையில நாங்க இக்கரைக்கு வாறதுன்னா உசிரக் கையில புடிச்சிக்கிட்டுத்தான் வரணும். அந்த வள்ளத்த நிப்பாட்டிராதீங்க. வேற ஒண்டும் கேக்கல்ல."

நான் மெற்றில்டாவாக அதைச் சொன்னேன். என் மகளுக்கு ஏழு மாசம் என்றேன்.

குழுத் தலைவர் கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "அந்தப் படகை யார் ஏற்பாடு செய்தது?" என்றார். "ஹமீது மெம்பர்" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். தலைவர் தன் தாள்களைப் புரட்டினார். பிறகு மெதுவாக, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், "மாகாணத்தின் சார்பில் கருத்துச் சொல்ல யாராவது இருக்கிறார்களா? இல்லையென்றால், மாகாணத்தின் பக்கத்தில் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொள்வோம்" என்றார்.

அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது, நானா. ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொள்வோம். என் வாயால், உங்கள் ஆட்களின் முகத்துக்கு நேரே. சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவர்கள் என்ன சொல்வார்கள்? மாகாணத்தின் சார்பில் என்றால் யார்? ஆளை அனுப்பத் தேர்தல் வைக்காமல், ஆள் வரவில்லை என்று எழுதுவதா? கேட்க வேண்டிய கேள்வியை வெறும் வீட்டு வாசலில் நின்று கேட்டுவிட்டு, பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதா?

மைக் என் கையில் இருந்தது. ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிற அதே தோரணையில், சிங்களத்தில், நான் பேசத் தொடங்கினேன்.

"நான் ஆட்சேபிக்கிறேன். இந்த ஆஸ்பத்திரிகள் எங்கள் நிரலில் உள்ளவை. எங்களைக் கேட்காமல் எடுக்க முடியாது. நாங்கள் இல்லை என்றால் சம்மதித்துவிட்டோம் என்று அர்த்தம் இல்லை. முதலில் தேர்தலை வையுங்கள். சபை கூடட்டும். பிறகு வந்து கேளுங்கள். அன்றைக்கு நாங்கள் ஓம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் எங்களிடம் கேட்க வேண்டும்."

சத்தியமாக நானா, அது என் குரல் மாதிரியே இல்லை. இழுத்து இழுத்துப் பேசி, கடைசிச் சொல்லில் மேசையில் தட்டுவீர்களே, அந்தத் தட்டுகூட வந்துவிட்டது.

சுருக்கெழுத்து எடுத்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "பேர்?" என்று கேட்டார். உரைபெயர்ப்பாளன் பேசினால் யாரோ ஒருவருக்காகத்தானே பேசியிருப்பான். அது அவருடைய பிழை இல்லை. என்னுடைய பேரைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மைக்கில் என் பேரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. "அப்துல் ஹமீது, முன்னாள் மாகாண சபை உறுப்பினர், புத்தளம் மாவட்டம்" என்றேன். எழுதிக்கொண்டார்.

தலைவர் மண்டபத்தைப் பார்த்தார். "திரு. ஹமீது எங்கே இருக்கிறார்? தயவுசெய்து எழுந்து நிற்க முடியுமா?" என்றார்.

அதையும் தமிழில் கேட்டேன். என் வேலை அது. "ஹமீது அவர்கள் எங்கே இருக்கிறார்? எழுந்து நிற்க முடியுமா?"

அந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நான் என்ன செய்தேன் என்பது அவர்களுக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. அத்தனை பேரும் உங்களைத் தோளில் சுமந்துபோய் மையவாடியில் வைத்துவிட்டு வந்தவர்கள். ஒருவராவது உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே என் கதை முடிந்திருக்கும். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவருக்கு எழும்ப ஏலா, ஐயா."

நான் தலைவரிடம் திரும்பி, "அவரால் எழுந்து நிற்க முடியாது" என்று சொன்னேன். பாவம் அந்த மனிதர், பதறிப்போய்விட்டார். "பரவாயில்லை, பரவாயில்லை, இருந்துகொள்ளட்டும், அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்றார். கூட்டம் தேத்தண்ணிக்குக் கலைந்தது. உங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக என் பக்கம் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் என் கையில் மீன் அடைத்த ரெண்டு மாலு பாணை வைத்து அமுக்கினார்.

இது எத்தனை நாளைக்கு மறைந்திருக்கும்? குழு தன் சுருக்க அறிக்கையை வெளியிட்டது. மாகாணத்தின் சார்பில் ஒரே ஓர் ஆட்சேபனை, அது உங்களுடையது. உங்கள் பேரைத் தெரிந்த யாரோ குருநாகலில் அதை வாசித்துவிட்டார்கள். என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவரும் கெட்டவர் இல்லை. கொஞ்சம் பயந்தவர்.

"சேவியர், செத்தவர் எப்படிக் கூட்டத்துக்கு வந்தார்?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"உரைபெயர்ப்பில் தவறு நடந்துவிட்டது என்று ரெண்டு வரி எழுதித் தாரும். அந்த ஆட்சேபனையை எடுத்துவிடுவார்கள், விசயம் முடிந்தது. பென்ஷனுக்குக் கிட்ட நிற்கிறீர், பிரச்சினையை விலைக்கு வாங்காதீர்."

எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும். மாகாணத்தின் பக்கத்தில் ஆட்சேபனை இல்லை என்பதுதான் மிஞ்சும். அதற்குப் பிறகு புதன்கிழமை வள்ளம் எந்தக் கணக்கில் ஓடும்?

ஒரு கிழமை இழுத்தடித்தேன். நாலு சுவருக்குள் உங்களோடு சண்டை பிடித்தேன். தந்ததை மட்டும் அங்கால கொடு என்றீர்கள்; நீங்கள் தராததையும் உங்கள் பேரில் கொடுத்துவிட்டேன். எல்லையைக் காப்பாற்றப் போய் என் எல்லையை மீறினேன் என்றால், கொழும்புக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர்களும் நல்லதற்குத்தானே செய்கிறோம் என்கிறார்கள்? நீங்கள் இருந்திருந்தால் ஏசியிருப்பீர்கள். அந்த ஏச்சுக்காக எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா? ஒரு மனிதனைத் திட்டுவதற்குக்கூட ஆளில்லாமல் போவது பெரிய கொடுமை, நானா.

கடைசியில் பஸ் ஏறிக் கற்பிட்டிக்கு வந்தேன். மையவாடி மதிலருகில் நின்று உங்களைக் கேட்டேன். பதில் வரவில்லை. வரும் என்று நினைத்ததும் என் மடத்தனம். துறைப் பக்கம் நடந்தபோது மெற்றில்டா கருவாட்டுச் சாக்கை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். மகள் எப்படி என்று கேட்டேன். இன்னும் நாளிருக்கிறது, மிஸ்ஸி பார்த்துக்கொள்கிறாள் என்றாள். நான் மேலதிகாரி சொன்னதையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டேன். பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். சாக்கை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"செத்த மனிசன எழுப்பிக் கொண்டாந்து கதைக்க வெச்சீங்க. நல்லம். நாங்களும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தம். ஆனா நீங்க உசிரோடதானே இரிக்கிறீங்க, சேவியர் அண்ணன்? ஹமீது நானாட வாயால கதைச்சீங்க, என்ட வாயால கதைச்சீங்க. உங்களுக்கு எண்டு சொல்ல ஒண்டும் இல்லையா? நீங்களும் இந்த மாகாணத்து ஆள்தானே?"

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இரங்கினாள் போல. "கருவாடு கொஞ்சம் கொண்டு போங்க. மெலிஞ்சி போயிட்டீங்க" என்றாள்.

வரும் வழியெல்லாம், நுரைச்சோலை மின்நிலையத்துப் பெரிய புகைபோக்கி தெரியும்வரை, அவள் கேட்டதையே எனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லை என்பதுதான் எனக்கு வலித்தது. நானும் வாக்காளன். என்னையும் இத்தனை வருடமாக அந்தச் சபைக்கு ஓட்டுப் போட விடவில்லை. நாளை எனக்கு நெஞ்சுவலி வந்தாலும் முதலில் தூக்கிக்கொண்டு போவது மாகாணத்து ஆஸ்பத்திரிக்குத்தான். இவ்வளவு காலமும் என் கோபத்தையெல்லாம் நீங்கள் உங்கள் கோபமாகச் சபையில் பேசித் தீர்த்தீர்கள். எனக்கு அது சுகமாக இருந்துவிட்டது.

மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உரைபெயர்ப்பில் தவறு ஒன்றும் நடக்கவில்லை, அவை என் சொந்தச் சொற்கள், ஹமீது என்ற பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போடுங்கள், ஆட்சேபனையை எடுக்க நான் சம்மதிக்கவில்லை. வாசித்துவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அரச உத்தியோகத்தன் இப்படிப் பேச முடியாது, உரைபெயர்ப்பாளன் பேசவே முடியாது என்றார். சரிதான், அதுவும் ஓர் எல்லைதான், அதை மதிக்கிறேன் என்றேன். கையோடு, முன்கூட்டியே ஓய்வு பெற விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டேன். மனுசிக்கு இன்னும் சொல்லவில்லை. இத்தாலியிலிருந்து ஏசினாலும் காதில் விழும், உங்களுக்குத் தெரியும் அவள் குரல்.

ஆட்சேபனையை எடுத்தார்களா, என் பேரைப் போட்டார்களா என்று இன்னும் தெரியாது. குழு அடுத்த முறை புத்தளம் நகரத்தில் உட்காருகிறது. பேச விரும்புகிறவர்கள் பேர் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள், கொடுத்திருக்கிறேன். மைக்குப் பக்கத்தில் என் கதிரையில் புதிதாக ஒரு பெண் இருப்பாளாம். நான் சொல்வதை அவள் சொல்லட்டும். கூட்டாமல் குறைக்காமல் சொன்னால் போதும்.

மெற்றில்டாவும் வருவதாகச் சொன்னாள், மகளுக்கு நாள் நெருங்காவிட்டால். மற்றவர்களைப் பற்றி எனக்கு நிச்சயம் இல்லை. உங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருந்த ஆட்கள் எனக்காக வாயைத் திறப்பார்களா? வேதக்காரச் சேவியரைப் புத்தளத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கூட்டத்தில் நான் தனியாகவே நிற்க வேண்டி வரலாம். நின்று பழக்கம் இல்லை, கூண்டுக்குள் எப்போதும் உட்கார்ந்தே பேசியவன்.

ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், நானா. அன்றைக்கு உங்களைக் கூப்பிட மாட்டேன். நீங்கள் நிம்மதியாகப் படுத்திருங்கள். என் பேரை வாசித்து, எங்கே இருக்கிறார், எழுந்து நிற்க முடியுமா என்று அந்த நல்ல மனிதர் கேட்பார். முழங்கால் நோகும், குரல் நடுங்கும், பாதியில் அழுதும் விடுவேன். இருந்தாலும் எழும்பி நிற்பேன்.

உங்கட தம்பி,
சேவியர்
சிலாபம்